வாசகர் கேள்வி – பதில்: பந்தியில் பரிமாறுகிறவர் யார்?

சென்ற இதழில் அமெரிக்க இயக்குநர் ஏவா டூவர்னேயின் 'ஆரிஜின்' படத்தைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். சாதியையும் நிறவெறியையும் அருகருகே வைத்துப் பார்க்கும் படம் என்பதால் கடிதங்கள் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை படத்தைக் காட்டிலும் அதை எடுத்தவரின் தொழில் வாழ்க்கையைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழின் பதில்கள் முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

முப்பது வயதைத் தாண்டிய பிறகே அவர் படம் எடுக்கத் தொடங்கினார், திரைப்படக் கல்லூரியில் படிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதுவரை அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?
– கல்லூரி மாணவி, திருச்சி

பிறருடைய படங்களை மக்களிடம் கொண்டுசேர்க்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தார். நம் ஊர்த் திரையுலகில் பி.ஆர்.ஓ. என்று சொல்கிறோமே, அந்த மக்கள் தொடர்பாளர் வேலை. 1972இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பிறந்த டூவர்னே, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஆங்கில இலக்கியமும் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆய்வும் படித்தார். முதலில் அவர் விரும்பியது பத்திரிகைத் துறையை. ஓ.ஜே. சிம்ப்சன் என்ற விளையாட்டு வீரர்மீதான கொலை வழக்கு அமெரிக்காவையே ஆட்டிப்படைத்த நாட்களில் ஒரு தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்ந்தவர், செய்தி சேகரிப்பு என்ற பெயரில் அங்கே நடந்ததைப் பார்த்து மனம் கசந்து விலகினார். பிறகு விளம்பரத் துறைக்கு வந்து, 1999இல் சொந்தமாக நிறுவனம் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களின் விளம்பரப் பணியில் பங்கெடுத்தார்.

அந்தப் பணியின் ஒரு பகுதியாக அவர் படப்பிடிப்புத் தளங்களுக்குச் செல்வது வழக்கம். மைக்கேல் மான் இயக்கிய 'கொலாட்டரல்' படத்தின் இரவு நேரப் படப்பிடிப்பு லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் நடந்தபோது, அவரும் ஓரமாக நின்று பார்த்திருக்கிறார். அந்தப் படத்தின் பெரும்பகுதி டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டது. இவ்வளவு இருட்டில், இப்படிப்பட்ட தெருவில் வைத்து ஒரு கதையைச் சொல்ல முடியும் என்றால், தான் வளர்ந்த பகுதிகளின் கதைகளைத் தானே ஏன் சொல்லக் கூடாது என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது என்று அவர் பல நேர்காணல்களில் கூறியிருக்கிறார். 2006இல் ஏறத்தாழ 6,000 டாலர் செலவில் ஒரு குறும்படம், 2008இல் ஓர் ஆவணப்படம், அதன் பிறகு 50,000 டாலரில், 15 நாட்களில் எடுத்து முடித்த 'ஐ வில் ஃபாலோ' என்ற முதல் முழுநீளப் படம் என்று படிப்படியாக வந்தார். இத்தனையும் நடந்தபோது விளம்பர நிறுவனத்தையும் நடத்திக்கொண்டுதான் இருந்தார்.

அவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். படம் எடுப்பவர்கள் பொதுவாகப் படத்தை முடித்த பிறகுதான் விநியோகத்தைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குவார்கள். டூவர்னேயோ பார்வையாளரிலிருந்து தொடங்கி, பின்னோக்கி நடந்து கேமராவுக்கு வந்து சேர்ந்தவர். ஒரு படம் எந்த இடத்தில் முடங்குகிறது, யாருடைய 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லால் முடங்குகிறது என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அதனால்தான் 2010இல், முதல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த விநியோகஸ்தரின் வாசலிலும் காத்திராமல், கறுப்பினத் திரைப்பட விழாக்களை நடத்தும் அமைப்புகளை ஒன்றிணைத்து ஒரு விநியோக இயக்கத்தையே உருவாக்கினார். விழாக்காரர்களிடம் ஏற்கெனவே பார்வையாளர்களின் முகவரிப் பட்டியல் இருந்தது, தன்னார்வலர்கள் இருந்தார்கள், ஊர் ஊராக அறிமுகம் இருந்தது. 'ஐ வில் ஃபாலோ' 2011இல் அந்த வழியில்தான் திரையரங்குகளுக்குப் போனது. அந்த இயக்கமே 2015இல் 'அரே' என்று பெயர் மாறி, இன்று பெண்களும் வெள்ளையரல்லாதவர்களும் எடுக்கும் படங்களை வெளியிடும் நிறுவனமாக நிற்கிறது.

'செல்மா' படத்தில் மார்ட்டின் லூதர் கிங் பேசுகிற உரைகள் உண்மையில் கிங் பேசியவை அல்ல என்கிறார்களே, உண்மையா?
– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், மதுரை

உண்மைதான். அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் 1965இல் கறுப்பினத்தவர் வாக்குரிமைக்காக நடத்திய போராட்டத்தைப் பற்றி டூவர்னே இயக்கிய படம் அது. கிங்கின் உரைகளுக்கான பதிப்புரிமை அவருடைய வாரிசுகளிடம் இருக்கிறது. அவற்றைத் திரைப்படத்தில் பயன்படுத்தும் உரிமை முன்பே வேறொரு படத் திட்டத்துக்காகக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆகவே கிங்கைப் பற்றிய படத்தில் கிங்கின் சொற்களையே பயன்படுத்த முடியாத நிலையில் டூவர்னே மாட்டிக்கொண்டார். அவர் செய்தது கடினமான வேலை. ஒவ்வோர் உரையையும் கேட்டு, அதன் மூச்சையும் ஏற்ற இறக்கத்தையும் உள்வாங்கி, ஒரு வரியைக்கூட அப்படியே எடுக்காமல், அதே கருத்தை அதே தாளத்தில் புதிதாக எழுதினார். ஆயினும் திரைக்கதைக்கான பெயர், ஒப்பந்தத்தின்படி, முதல் வரைவை எழுதியவருக்கு மட்டுமே போய்ச் சேர்ந்தது.

வரலாற்று ஆசிரியர் என்பதால் தங்களுக்கு ஒரு காட்சியை நினைவுபடுத்த விரும்புகிறேன். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஒரு நடுத்தர வயதுக் கறுப்பினப் பெண் அலுவலகத்துக்கு வருகிறார். ஆனி லீ கூப்பர் என்ற உண்மையான போராளி அவர், திரையில் ஓப்ரா வின்ஃப்ரி. படிவத்தை ஒரு தவறும் இல்லாமல் நிரப்பியிருக்கிறார். எழுத்தர் அரசியலமைப்பின் முகப்புரையைச் சொல்லச் சொல்கிறார்; சொல்லத் தொடங்குகிறார். அலபாமாவில் எத்தனை மாவட்ட நீதிபதிகள் என்று கேட்கிறார். '67' என்று பதில் வருகிறது. உடனே எழுத்தர், அந்த 67 பேரின் பெயர்களையும் சொல் என்கிறார். விண்ணப்பத்தின்மீது 'மறுக்கப்பட்டது' என்ற முத்திரை விழுகிறது. ஊர்வலத்தையும் குதிரைப் போலீஸாரையும் காட்டுவதற்கு முன்பே, மனிதர்கள் எதற்காகச் செல்மாவின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் அடிவாங்கத் துணிந்தார்கள் என்பதை இந்தச் சிறு காட்சி சொல்லிவிடுகிறது. 1965 மார்ச் 7 அன்று ஏறத்தாழ 600 பேர் அந்தப் பாலத்தின்மீது நடந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையொப்பமானது. டூவர்னே அதே பாலத்தில்தான் படம் எடுத்தார்.

இந்தப் படம் அவருக்கு வந்த விதமும் சுவையானது. கிங்காக நடித்த டேவிட் ஒயெலோவோ ஒருமுறை விமானத்தில் சென்றபோது, பக்கத்து இருக்கைக்காரர் அவரை அடையாளம் கண்டு, 'சிறிய படம் ஒன்றில் பணம் போடச் சொல்கிறார்கள், போடலாமா?' என்று யோசனை கேட்டிருக்கிறார். அது டூவர்னேயின் 'மிடில் ஆஃப் நோவேர்'. திரைக்கதையைப் படித்த ஒயெலோவோ அந்தப் படத்தில் தானும் நடித்தார். 2012 சண்டான்ஸ் திரைப்பட விழாவில் அந்தப் படம் டூவர்னேக்குச் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றுத் தந்தது. அந்தப் பிரிவில் அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். பின்னர் 'செல்மா'வுக்கு இருந்த இயக்குநர் விலகியபோது, ஒயெலோவோதான் இவருடைய பெயரை விடாமல் முன்வைத்தார். 2 லட்சம் டாலரில் படம் எடுத்தவரை நம்பி 2 கோடி டாலர் படத்தை ஒப்படைத்தார்கள்.

'செல்மா' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றது. இயக்குநருக்கு மட்டும் ஏன் பரிந்துரை இல்லை?
– வாசகர், கோயம்புத்தூர்

காரணத்தைத் தேர்வுக்குழுவின் மனத்துக்குள் புகுந்து யாராலும் சொல்ல முடியாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதற்கு முன் இயக்குநர் பிரிவில் பரிந்துரை பெற்றிருந்த பெண்களின் மொத்த எண்ணிக்கையே நான்குதான். அவர்களில் கறுப்பினப் பெண் ஒருவரும் இல்லை. கோல்டன் குளோப் விருதுக்குச் சிறந்த இயக்குநராக டூவர்னே பரிந்துரைக்கப்பட்டிருந்ததால், ஆஸ்கரிலும் அது நடக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2015 ஜனவரியில் பட்டியல் வெளியானபோது 'செல்மா'வுக்கு இரண்டே பரிந்துரைகள் இருந்தன: சிறந்த படம், சிறந்த பாடல். 'குளோரி' என்ற அந்தப் பாடல் விருதை வென்றது. நடிப்புக்கான நான்கு பிரிவுகளில் பரிந்துரை பெற்ற 20 பேரும் அவ்வாண்டு வெள்ளையர்கள். 'ஆஸ்கர் இவ்வளவு வெள்ளையா' என்ற பொருளில் ஒரு வழக்கறிஞர் அன்று எழுதிய ஒற்றை வரி உலகமெங்கும் பரவியது. மறு ஆண்டும் 20 பேரும் வெள்ளையர்கள் என்ற அதே கதை தொடரவே, தன் உறுப்பினர்களில் பெண்கள், சிறுபான்மையினர் ஆகியோரின் எண்ணிக்கையை 2020க்குள் இரட்டிப்பாக்குவதாக ஆஸ்கர் அகாதெமி அறிவிக்க நேர்ந்தது.

அவர் தயாரித்த 'குயீன் ஷுகர்' தொடரில் எல்லா எபிசோடுகளையும் பெண்களே இயக்கினார்கள் என்று படித்தேன். சமத்துவம் பேசுகிறவர் ஆண்களை முழுவதுமாக ஒதுக்குவது முரண் இல்லையா? இதை நான் குறையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்கிறேன்.
– தொலைக்காட்சியில் பணியாற்றும் வாசகர், சென்னை

தாங்கள் தொலைக்காட்சியிலேயே பணியாற்றுவதால், அந்த வேலை எப்படிக் கிடைக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அமெரிக்கத் தொடர்களில் ஒவ்வோர் எபிசோடுக்கும் தனி இயக்குநரை அமர்த்துவது வழக்கம். அமர்த்துகிறவர் கேட்கும் முதல் கேள்வி, 'இதற்கு முன் எந்தத் தொடரில் இயக்கியிருக்கிறீர்கள்?' என்பது. இயக்காதவருக்கு வேலை இல்லை. வேலை கிடைக்காதவர் இயக்கியிருக்க வழி இல்லை. நீந்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம் என்பதைப் போன்ற நிபந்தனை இது. திரைப்பட விழாக்களில் விருது வாங்கிய பெண்கள்கூட இந்த ஒரு கேள்வியில் ஆண்டுக்கணக்கில் தடுக்கப்பட்டு நின்றார்கள். அதே விழாக்களில் ஒரே ஒரு சிறிய படத்தைக் காட்டிய ஆண்களுக்குப் பெரிய நிறுவனங்களின் படங்கள் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன.

'குயீன் ஷுகர்' 2016 முதல் 2022 வரை ஏழு பருவங்கள் ஒளிபரப்பானது. லூசியானாவில் தந்தை விட்டுச்சென்ற 800 ஏக்கர் கரும்புத் தோட்டத்துக்கு வாரிசாகும் உடன்பிறப்புகளின் கதை அது. முதல் பருவத்துக்குப் பெண் இயக்குநர்களை மட்டும் அமர்த்திய டூவர்னே, பிறகு அதையே தொடரின் நிரந்தர விதியாக்கினார். இதைப் பற்றிக் கேட்டபோது, புகழ்பெற்ற ஒரு தொடர் பருவம் பருவமாக ஆண்களை மட்டுமே கொண்டு இயங்கியபோது அது யாருக்கும் செய்தியாகத் தோன்றவில்லையே என்ற பொருளில் அவர் பதிலளித்தார். தங்கள் கேள்விக்கான பதிலின் பாதி அதிலேயே இருக்கிறது. ஆண்கள் மட்டுமே இயக்கிய தொடர்களைப் பட்டியலிடத் தொடங்கினால் இந்த இதழின் பக்கங்கள் போதாமல் போகும். அவற்றில் எதையும் நாம் 'ஆண்களின் தொடர்' என்று அழைத்ததில்லை.

மறுபாதி, அந்த விதியால் என்ன விளைந்தது என்பதில் இருக்கிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் அந்தத் தொடரில் இயக்கினார்கள். அவர்களில் ஜூலி டேஷ் ஒருவர். 1991இல் அவர் எடுத்த 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்', அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வெளியான முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் இயக்குநரின் படம். அப்படி வரலாறு படைத்தவருக்கே திரையரங்குப் பட வாய்ப்பு அதன் பிறகு எளிதில் அமையவில்லை. 'குயீன் ஷுகர்' அவரைத் தேடிப்போய் அழைத்தது. விக்டோரியா மஹோனி மற்றொருவர். அவர் இத்தொடரில் இயக்கியதைத் தொடர்ந்து, டூவர்னேயின் பரிந்துரையின் பேரில் 2019இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் இரண்டாம் அலகின், அதாவது முதன்மைக் குழுவுக்கு இணையாகச் சில காட்சிகளைத் தனியே படமாக்கும் குழுவின், இயக்குநரானார். அந்தப் படவரிசையில் அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவர். இத்தொடருக்குப் பின் மற்ற நிறுவனங்கள் இவர்களை அழைக்கத் தொடங்கியதால், அடுத்த பருவத்துக்கு டூவர்னே புதியவர்களைத் தேட வேண்டியிருந்தது. அதை அவர் இழப்பாகக் கருதவில்லை. வருகிறவர்களை அனுப்பிவைப்பதற்காகவே அந்த இடத்தை நடத்தினார்.

நம் வழக்கில் சொல்வதானால், பந்தியில் ஒருவருக்கு இலை போடுவது ஒன்று, பரிமாறும் கரண்டி யார் கையில் இருக்கிறது என்பது மற்றொன்று. சாதிப் பந்திகளின் வரலாறு தெரிந்த நமக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. விருது மேடையில் ஒரு பெண்ணை ஏற்றி உட்காரவைப்பது முதல் வகையைச் சேர்ந்தது. டூவர்னே தம் தொழில் வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியைத்தான் கேட்டிருக்கிறார்: முதலில் விநியோகம், பிறகு ஆளெடுப்பு, பிறகு முதலீடு. என் மதிப்பில் அவருடைய படங்களில் எந்த ஒன்றையும்விட இது பெரிய சாதனை.

ஆளெடுப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏன் உங்கள் படக்குழுவில் எல்லாரும் ஒரே மாதிரியானவர்களாக இருக்கிறார்கள் என்று கேட்டால், 'எங்களுக்கு வேறு யாரையும் தெரியாதே' என்பதுதான் ஹாலிவுட்டின் வழக்கமான பதில். 2021இல் 'அரே' நிறுவனம், ஒலிப்பதிவாளர், மின்பணியாளர், கலைப் பிரிவினர், ஒப்பனையாளர் என்று கேமராவுக்குப் பின்னால் பணியாற்றும் பெண்களையும் பிற ஒதுக்கப்பட்ட பிரிவினரையும் கொண்ட ஒரு தேடுதளத்தைத் தொடங்கியது. ஊர், பணி, அனுபவம் ஆகியவற்றைக் குறிப்பிட்டால் ஆட்களின் பட்டியல் வந்துவிடும். பெரிய ஸ்டூடியோக்கள் பலவும் அதில் இணைந்தன. தெரியாது என்ற சாக்கு அதன் பிறகு செல்லுபடியாகாது.

அவருடைய படங்களில் கறுப்பின மனிதர்களின் முகங்கள் வேறு படங்களைவிட அழகாகத் தெரிகின்றன. இது என் பிரமையா?
– ஒளிப்படக் கலைஞர், புதுச்சேரி

பிரமை இல்லை, தங்கள் கண் பழகிய கண். வண்ணப்படச் சுருள் காலத்தில், அச்சின் நிறத்தைச் சரிபார்க்க ஒரு வெள்ளைப் பெண்ணின் படத்தையே ஆய்வகங்கள் அளவுகோலாக வைத்திருந்தன. அவளுடைய தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த முகங்கள் அந்த அளவுகோலில் இருண்டு, கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. 'மிடில் ஆஃப் நோவேர்', 'செல்மா' ஆகியவற்றின் ஒளிப்பதிவாளர் பிராட்ஃபோர்ட் யங் கறுப்புத் தோலின் பல்வேறு சாயல்களை அளந்து ஒளியமைப்பவர். 'செல்மா'வின் தொடக்கத்தில், 1963இல் பர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட சிறுமிகள் படிக்கட்டில் இறங்கிவருகிறார்கள். தலைமுடியை எப்படி வாரிக்கொள்வது என்று பேசிக்கொண்டே வருகிறார்கள். அவர்களுடைய முகங்களில் விழும் அந்த மென்மையான வெளிச்சத்தை நாம் ரசித்துக்கொண்டிருக்கும்போதே சுவர் வெடிக்கிறது. முகங்களை அவ்வளவு அன்போடு பார்க்கவைத்ததனால்தான் அந்த வெடிப்பு நம்மைத் தாக்குகிறது. கதாநாயகியின் நிறத்தை வெளுப்பாக்கிக் காட்டும் நம் ஒளிப்பதிவு மரபுக்கும் இதில் கற்க நிறைய இருக்கிறது.

ஏவா டூவர்னேயின் படங்களில் தமிழர்கள் யாராவது நடித்திருக்கிறார்களா?
– வாசகி, ஈரோடு

2018இல் வந்த 'எ ரிங்க்கிள் இன் டைம்' படத்தில் மிண்டி கேலிங் நடித்தார். அவருடைய தந்தை தமிழர். 'கேலிங்' என்பது சொக்கலிங்கம் என்ற குடும்பப் பெயரின் சுருக்கம்.

அந்த 'எ ரிங்க்கிள் இன் டைம்' தோல்விப் படம்தானே? 10 கோடி டாலருக்கு மேல் செலவிட்ட, அனிமேஷன் அல்லாத படத்தை இயக்கிய முதல் கறுப்பினப் பெண் என்று அதைக் கொண்டாடுவது பொருத்தமா?
– வாசகர், சேலம்

வணிகத்தில் அது எதிர்பார்த்தபடி ஓடவில்லை; உலகமெங்கும் ஏறத்தாழ 13 கோடி டாலர் வசூலித்தது, அந்த அளவு செலவுக்கு அது போதாது. படமும் சிதறலாக இருக்கிறது என்பதே என் கருத்து. ஆனால் அத்தகைய தொகையில் படம் எடுத்துத் தோற்ற ஆண்கள் அடுத்த ஆண்டே மற்றொரு பெரிய படத்தோடு வந்துவிடுகிறார்கள். ஒரு பெண்ணின் படம் தோற்றால், பெண்களை நம்பிப் பெரும்பணம் போடலாமா என்ற விவாதம் தொடங்கிவிடுகிறது. தோற்கவும் உரிமை வேண்டும் என்பது சமத்துவத்தின் ஒரு பகுதி. அந்தப் பட வெளியீட்டின்போது நடந்த ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். அவர் வளர்ந்த பகுதியை ஒட்டிய காம்ப்டன் நகரில் திரையரங்கே இல்லை. அங்குள்ள சமூகக் கூடத்தில் திரையும் ஒலியமைப்பும் நிறுவி, ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படத்தைக் காட்டினார்கள். அவர்களைப் போன்ற ஒரு சிறுமி, சுருட்டை முடியும் மூக்குக் கண்ணாடியுமாக, பிரபஞ்சத்தைச் சுற்றிவருவதை அந்தப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து பார்த்தார்கள்.

சிறைக்கைதிகளைப் பற்றி இவ்வளவு படங்கள் எடுப்பதற்கும் சமத்துவத்துக்கும் என்ன தொடர்பு?
– வழக்கறிஞர், தஞ்சாவூர்

அமெரிக்க அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தைத் தாங்கள் படித்திருப்பீர்கள். 1865இல் அடிமை முறையை ஒழித்த அந்தத் திருத்தம், குற்றத்துக்கான தண்டனையாக என்றால் தவிர, என்று ஒரு விலக்கை வைத்திருக்கிறது. அந்த விலக்கின் வழியாக அடிமைத்தனம் எப்படி மறுபடியும் உள்ளே நுழைந்தது என்பதே 2016இல் அவர் எடுத்த '13த்' ஆவணப்படத்தின் வாதம். உலக மக்கள்தொகையில் 5 விழுக்காடு கொண்ட நாட்டில் உலகக் கைதிகளில் 25 விழுக்காட்டினர் இருக்கிறார்கள் என்று படம் தொடங்குகிறது. 1970இல் ஏறத்தாழ மூன்றரை லட்சமாக இருந்த கைதிகளின் எண்ணிக்கை, 2014இல் 23 லட்சமாகியிருந்தது.

2019இல் நான்கு பகுதிகளாக வந்த 'வென் தே சீ அஸ்', 1989இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கில் பொய்யாகத் தண்டிக்கப்பட்ட ஐந்து சிறுவர்களைப் பற்றியது. 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளை இரவு பகலாக விசாரித்து வாக்குமூலம் வாங்கினார்கள். 2002இல்தான் தண்டனை ரத்தானது. 'சென்ட்ரல் பார்க் ஐவர்' என்று பத்திரிகைகள் ஒட்டிய முத்திரையைத் தொடரின் தலைப்பாக வைப்பதாகவே முதலில் திட்டம்; அந்த முத்திரையே அவர்களை மனிதர்களாகப் பார்க்கவிடாமல் செய்தது என்பதால் டூவர்னே தலைப்பை மாற்றினார். கொடுமையான காட்சிகளில் பணியாற்றும் நடிகர்களுக்கும் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும் உளநல ஆலோசகர்களை ஏற்பாடு செய்திருந்தார். படப்பிடிப்பில் வேலை செய்கிற மனிதரின் மனமும் ஒரு பொருட்டு என்பதைத் தளத்திலேயே காட்டியது அது.

'ஆரிஜின்' படம் அம்பேத்கரைக் காட்டுகிறது என்றீர்கள். அமெரிக்க நிறவெறியையும் இந்தியச் சாதியையும் ஒன்றாக்குவது சரியா? இரண்டும் வெவ்வேறு அல்லவா?
– ஆய்வு மாணவர், விழுப்புரம்

வெவ்வேறுதான். படமும், அதற்கு அடிப்படையான இசபெல் வில்கர்சனின் 'காஸ்ட்' நூலும் இரண்டையும் ஒன்று என்று சொல்லவில்லை. இரண்டின் எலும்புக்கூடும் ஒத்திருக்கிறது என்கின்றன. இந்த ஒப்பீடு புதிதும் அன்று. அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, தீண்டப்படாதோரின் நிலையும் நீக்ரோக்களின் நிலையும் ஒத்திருப்பதைக் குறிப்பிட்டார். கிங் 1959இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் அவரை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர்' என்று அறிமுகப்படுத்தினார்கள். முதலில் அதிர்ந்ததையும், பிறகு அது தம் மக்களுக்கும் பொருந்தும் என்று உணர்ந்ததையும் அவரே பின்னர் ஒரு பிரசங்கத்தில் சொன்னார்.

படத்தில் வரும் ஒரு நிகழ்வை விவரித்தால் என் பதில் தெளிவாகும். 1951. ஓஹையோ மாநிலம், யங்ஸ்டவுன். நகரக் கோப்பையை வென்ற சிறுவர் பேஸ்பால் அணியை நீச்சல்குளத்துக்கு அழைத்துப்போகிறார்கள். அணியில் ஒரே ஒரு கறுப்பினச் சிறுவன், ஆல் பிரைட். அவனை வேலிக்கு வெளியே உட்காரவைக்கிறார்கள். பெரியவர்கள் சிலர் மன்றாடியதன் பேரில் ஒரு சலுகை கிடைக்கிறது: மற்றவர்கள் அனைவரும் நீரைவிட்டு வெளியேற, அவனை ஒரு மிதவையில் படுக்கவைத்துக் குளத்தை ஒருமுறை சுற்றித் தள்ளிவருகிறார் உயிர்காப்பாளர். தள்ளிக்கொண்டே அவன் காதருகே, தண்ணீரை மட்டும் தொட்டுவிடாதே என்கிறார். இப்போது, பியூன் வந்து மேலிருந்து ஊற்றினால் மட்டுமே தாம் பள்ளியில் தண்ணீர் குடிக்க முடிந்தது, பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை என்று அம்பேத்கர் எழுதிவைத்திருப்பதை அதன் பக்கத்தில் வையுங்கள். ஆய்வாளர்கள் வேறுபாடுகளை விவாதிக்கட்டும், விவாதிக்கத்தான் வேண்டும். அந்தத் தண்ணீர் ஒன்றுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்தப் படம் உருவான விதத்தையும் கவனிக்க வேண்டும். பெரிய நிறுவனத்தின் காலக்கெடுவுக்குக் காத்திராமல் வெளியே வந்த டூவர்னே, ஃபோர்டு அறக்கட்டளை உள்ளிட்ட கொடை அமைப்புகளிடம் முதலீடு திரட்டி, ஏறத்தாழ 3.8 கோடி டாலரில், 37 நாட்களில், மூன்று நாடுகளில் படத்தை எடுத்தார். நாஜிகள் நூல்களை எரித்த பெர்லின் சதுக்கத்திலும், டெல்லியிலும் படப்பிடிப்பு நடந்தது. தலித் அறிஞர் சூரஜ் யேங்டே இதில் தாமாகவே தோன்றுகிறார். 2023 வெனிஸ் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் இயக்குநர் என்ற சிறப்பும் இப்படத்தால் அவருக்கு வந்தது.

ஈழத் தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய 'ஃபன்னி பாய்' படத்தை அமெரிக்காவில் வெளியிட்டது அவருடைய நிறுவனம் என்று அறிகிறேன். அந்தப் படத்தில் தமிழைக் கொன்றிருந்தார்களே! எல்லாரையும் உள்ளடக்குவது, சமத்துவம் என்று பேசுகிறவர் இதைக் கவனிக்க வேண்டாமா?
– வாசகி, டொராண்டோ

தங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஷ்யாம் செல்வதுரையின் நாவலை வைத்துத் தீபா மேத்தா இயக்கிய அந்தப் படத்தை 2020இல் 'அரே' நிறுவனம் நெட்ஃப்ளிக்ஸ் வழியாக வெளியிட்டது. தமிழ்ச் சிறுவனொருவன் தனக்குள்ள தன்பாலின ஈர்ப்பை உணரும் கதை, 1983 இனப்படுகொலையின் பின்னணியில். முக்கியப் பாத்திரங்களில் பலவற்றைத் தமிழரல்லாதவர்கள் ஏற்றதையும், தமிழ் உச்சரிப்பு காதுக்கு அந்நியமாக ஒலித்ததையும் கனடாத் தமிழர்கள் உரக்கச் சுட்டிக்காட்டினார்கள். இனத்துக்காக உயிரிழந்தவர்களின் கதையில் அவர்களுடைய மொழியே சரியாக ஒலிக்காமல் போவது சிறு குறை என்று நான் சொல்லமாட்டேன். படத்தை எடுத்தவர் டூவர்னே அல்லர், வெளியிட்டவர்தான் என்றாலும், இது அவருடைய கொள்கையின் உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டிய விஷயமே.

நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் மனோலா டார்கிஸ் 2016இல் 'டூவர்னே சோதனை' என்று ஒன்றை முன்மொழிந்தார். வெள்ளையர் கதைக்கு அலங்காரமாக நிற்காமல், கறுப்பினத்தவரும் பிற சிறுபான்மையினரும் தமக்கென்று முழுமையான வாழ்க்கை கொண்டவர்களாகப் படத்தில் வருகிறார்களா என்பதே அந்தச் சோதனை. 'ஃபன்னி பாய்' கதையளவில் அதில் தேறுகிறது. ஆனால் அந்த முழு வாழ்க்கையில் மொழியும் அடக்கம் என்று டொராண்டோவிலிருந்து தாங்கள் எழுதியிருப்பது, அந்தச் சோதனைக்குத் தாங்கள் சேர்க்கும் இன்னொரு கேள்வி. அதை விட்டுவிடாதீர்கள்.

இவருக்குச் சினிமா ஆசையை ஊட்டியவர் யார்?
– பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

தாயின் சகோதரி டெனிஸ். செவிலியராக இருந்தவர். பகல் பொழுதைக் கலைக்கும் சினிமாவுக்கும் வைத்துக்கொள்ள விரும்பியதால் இரவுப் பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். ஏவாவைத் திரையரங்குகளுக்கு அழைத்துச் சென்றவர் அவர்தான். நோயுற்றிருந்த அவரை ஏவா உடனிருந்து கவனித்துக்கொண்டார். 'ஐ வில் ஃபாலோ' அவருடைய மறைவின் இழப்பிலிருந்து பிறந்த படம்: இறந்துபோன பெரியவள் வாழ்ந்த வீட்டைக் காலி செய்யும் ஒரு பெண்ணின் ஒரே ஒரு நாள். சாமான்களைப் பெட்டிகளில் அடுக்குகிறாள், ஆட்கள் வந்து போகிறார்கள், வண்டியில் ஏற்றுகிறார்கள். அதில் நாயகியாக நடித்த சாலி ரிச்சர்ட்சன் விட்ஃபீல்ட் பிறகு தாமும் இயக்குநரானார். 'குயீன் ஷுகர்' எபிசோடுகளை இயக்கியவர்களில் அவரும் ஒருவர். படத்தில் அந்தப் பெரியவளின் பெயர் அமாண்டா. லாஸ் ஏஞ்சலிஸில் 'அரே' வளாகத்துக்குள் 50 இருக்கைகள் கொண்ட ஒரு திரையரங்கு இருக்கிறது. அதற்கும் அமாண்டா என்றே பெயர்.